கை நின்ற இடம்

தீனதயாளன் வீட்டில் ஐப்பசி மாதம் நடந்த வாக்குவாதத்தில் ஜெயித்தது கந்தவேல்தான். தோற்றது யார் என்பது இந்த வெள்ளிக்கிழமை காலை வரைக்கும் யாருக்கும் தெரியவில்லை.

இந்த வாரம்தான் கதைக்குள் வருகிறவர்களுக்கு நாலு வரி போதும். தீனதயாளன் திருப்பூரில் பனியன் கம்பெனி முதலாளி. அவர் மனைவி ஜெயபாரதிக்கு நடுமுதுகில் வலி வந்தது. தெருமுனை டாக்டர், எதற்கும் ஒரு எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் எடுத்துப் பார்க்கச் சொன்னார். தீனதயாளன் மறுநாளே அவளைக் கூட்டிக்கொண்டு கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார். வாசலில் நின்று மறித்தவன் தம்பி கந்தவேல். ஆஸ்திரேலியாவில் கைரோபிராக்டிக் படித்துவிட்டு, மருந்தும் கத்தியும் இல்லாமல் முதுகெலும்பைக் கையாலேயே சீராக்கும் வித்தையோடு ஊர் திரும்பியவன்.

"அவங்க நோயத் தேடறவங்கண்ணா. தேடுனா ஏதாச்சும் ஒண்ணு கெடைக்கத்தான் செய்யும். அண்ணிக்கு நோயே இல்லீங்க. கம்பெனில பனியன் செக்கிங் டேபிள்ல குனிஞ்சு குனிஞ்சு எலும்பு வரிசை தப்பியிருக்குது, அவ்வளவுதான். எங்கிட்ட உடுங்க" என்றான்.

விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக் கட்டிலில் அண்ணியைப் படுக்க வைத்து அழுத்துவான். ஒருக்களித்துத் திருப்புவான். டக்கென்று ஒரு சத்தம் வரும். ஜெயபாரதி "அப்பாடா" என்பாள். ஒரு நாள், ஒன்றரை நாள் வலி தெரியாது. மார்கழியில் அவள் தைப்பூச விரதம் தொடங்கும் வரை இது நடந்தது. ஆஸ்பத்திரிக் கட்சியில் இருந்த தீனதயாளன் அந்த 'அப்பாடா'வைக் கேட்டுக் கேட்டே கட்சி மாறிவிட்டார். மாறியவர் சும்மா இருப்பாரா? ஊர் முழுக்கத் தம்பியின் கைராசியைப் பாடத் தொடங்கிவிட்டார்.

அந்தப் பாட்டின் பலன்தான் அவிநாசி ரோட்டில் முதல் மாடியில் இன்றைக்குத் திறப்பு விழா காணும் வெல்னஸ் சென்டர். 'நோய் வந்தபின் ஓடாதீர்கள், நலமாக இருக்கும்போதே வாருங்கள்' என்று வாசலில் பெரிய போர்டு.

கந்தவேலைப் போலி என்று நினைத்துவிட வேண்டாம். அண்ணன் கம்பெனியில் முதுகு சாய இடமில்லாத ஸ்டூல்களைத் தூக்கிப் போட்டுச் சாய்வு நாற்காலி போடவைத்தவன் அவன்தான். தையல் மிஷினின் உயரத்தை ஆளுக்கு ஏற்ப மாற்றினான். ஷிப்டுக்கு நடுவே எழுந்து நிற்கச் சொன்னான். டெய்லர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு லீவு போடுவது நிஜமாகவே குறைந்தது. தான் சொல்வதை அவன் முழுசாக நம்பினான். வினையே அதில்தான் இருந்தது.

விழாவுக்குப் பெரிய பெரிய எக்ஸ்போர்ட்டர்கள் வந்திருந்தார்கள். ஏற்றுமதிக்கு இருந்த கோட்டா வரம்பு போனபிறகு ஆர்டர் கொட்டுகிற காலம். டெய்லர் ஒருத்தர் படுத்தால் தையல் லைனே படுத்துவிடும் என்ற கவலை எல்லோருக்கும் இருந்தது. ஆத்தப்பன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நாலு யூனிட் வைத்திருப்பவர். அவர் தலையசைத்தால் மற்றவர்களும் தங்கள் ஆட்களை இங்கே அனுப்புவார்கள்.

"பேச்செல்லாம் எதுக்குங்க? எம்பட சம்சாரமே சாட்சி. ஆஸ்பத்திரிக்குப் போகாம நிமுந்து நடக்கறா. தம்பி இப்பவே பண்ணிக் காட்டுவான், பாருங்க" என்றார் தீனதயாளன்.

ஜெயபாரதி அப்போதுதான் படியேறி வந்தாள். மாம்பழ நிறப் பட்டுப்புடவை. ஒரு கை சுவரைத் தடவியபடியே வந்தது. பின்னாலேயே கம்பெனியில் செக்கிங் பார்க்கும் விஜயராணி ஓடிவந்தாள். அவள் கையில் ஒற்றைச் செருப்பு.

"என்னக்கா, செருப்பு கழண்டு கீழ்ப்படியிலயே கெடக்கு. அதுகூடத் தெரியாம ஏறி வந்துட்டீக!"

எல்லோரும் சிரித்தார்கள். ஜெயபாரதியும் சிரித்தாள். கந்தவேல் மட்டும் அவளுடைய இடது பாதத்தைப் பார்த்தான். செருப்பு கழன்றால் யாருக்குத்தான் தெரியாது என்ற எண்ணம் வந்தது. அதற்குள் அண்ணன் அவன் தோளைப் பிடித்து மேசைப் பக்கம் தள்ளினார்.

முகம் வைக்கத் துளை விட்ட புது மேசையில் அண்ணி குப்புறப் படுத்தாள். படுப்பதற்கே பல்லைக் கடித்தாள். யாரோ செல்போனைத் தூக்கிப் படம் எடுக்கத் தயாரானார்கள்.

கந்தவேல் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு அவள் பின்கழுத்தில் வைத்தான். விரல்கள் ஒவ்வொரு எலும்பாகத் தொட்டு இறங்கின. நடுமுதுகைத் தாண்டிக் கொஞ்சம் கீழே வந்ததும் கை நின்றது.

ஒரு எலும்பு மட்டும் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. மடக்கிய விரலின் முட்டி மாதிரி, ரவிக்கைத் துணிக்கு மேலேயே தெரிந்தது. அந்த இடம் மட்டும் சுட்டது.

விரல் நுனியால் லேசாகத் தட்டினான். ஜெயபாரதியின் உடம்பு தூக்கிப் போட்டது. "முருகா!" என்றாள், மேசைக்குள்ளேயே.

இந்த முட்டி இன்றைக்கு முளைத்ததாக இருக்காது. போன ஞாயிற்றுக்கிழமையும் இருந்திருக்க வேண்டும். அன்றைக்குத் திறப்பு விழா அவசரம். பெயிண்டர் காத்துக்கொண்டிருந்தான். அண்ணன் வெள்ளகோவிலில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். "ரொம்ப வலிக்குது கண்ணு, ஒருக்காத் திருப்பி உடு" என்று அண்ணி கேட்டாள். கையை ஓட்டிக்கூடப் பார்க்காமல், ஒருக்களிக்க வைத்து வேகமாகத் திருப்பினான். அன்றைக்கு 'அப்பாடா' வரவில்லை. அண்ணி அலறினாள். "ஆழமான இறுக்கம், ரெண்டு நாள்ல விட்டுரும்" என்று சொல்லிவிட்டு அவன் பெயிண்டரிடம் போய்விட்டான்.

இப்போது கால்பக்கம் நகர்ந்து, அவளுடைய இடது உள்ளங்காலை நகத்தால் கீறினான்.

"அண்ணி, இப்ப நான் என்ன பண்ணறேன்?"

"நீ இன்னும் ஒண்ணும் பண்ணலயே கண்ணு."

கந்தவேல் மேசையின் தலைமாட்டுக்கு வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அவளுடைய முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்துக்கொண்டு, வெளியே கேட்காதபடி பேசினான்.

"ராத்திரி படுத்தா வலி குறையுதுங்களா?"

"இல்ல. படுத்தாத்தான் கூடுது."

"சாயங்காலத்துல காய்ச்சல்?"

"அது விரதச் சூடு. மார்கழியில இருந்தே அடிக்குது."

"பழனிக்கு நடந்து போயிட்டு வந்தாச்சு. விரதமும் முடிஞ்சுதேங்கண்ணி."

"ஆமா. ஆனா இன்னும் தணியல."

"ராத்திரி வேர்க்குதுங்களா?"

"தலகாணி நனஞ்சு போகுது."

"ஏனுங்கண்ணி எங்கிட்டச் சொல்லல?"



"நீ கேக்கலயே கண்ணு."

கேட்கவில்லைதான். வெளியாள் யார் வந்தாலும் கந்தவேல் இந்தக் கேள்விகளைக் கேட்காமல் விரல் வைக்க மாட்டான். காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா, இரவில் வலி கூடுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்பான். கல்லூரியில் முதலில் கற்றுக் கொடுப்பதே அதைத்தான். அண்ணியிடம் மட்டும் கேட்கவில்லை. அவளைப் பற்றித் தனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்ற நினைப்பு. தாயில்லாத வீட்டில், அரைக்கால் சட்டைப் பையனாக இருந்த அவனுக்குத் தலை வாரிவிட்டவள் அவள். அவளுக்கும் வேறு பிள்ளை இல்லை.

வீட்டிலும் உறவிலும் யாரும் சந்தேகப்படவில்லை. தைப்பூச விரதம் இருப்பவர்கள் ஒருவேளைச் சோறுதான் உண்பார்கள். உடம்பு இளைக்கும், முகம் வற்றும். ஜெயபாரதியின் ரவிக்கை தொளதொளத்ததைப் பார்த்த பெண்கள், "விரதம்னா பாரதி மாதிரி இருக்கோணும்" என்று மெச்சினார்கள். தாராபுரம் தாண்டி அவள் முதுகைப் பிடித்துக்கொண்டு நடந்தபோது கூட வந்தவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நோய் அவளைத் தின்றுகொண்டிருந்தது. அவர்கள் அதை பக்தி என்று நினைத்தார்கள்.

"டேய், என்னடா குசுகுசுன்னு? அவங்கெல்லாம் காத்துட்டிருக்காங்க" என்று தீனதயாளன் அருகில் வந்தார். "அந்த டக்குனு ஒரு சத்தம் வருமே, அதத்தான் பாக்க வந்திருக்காங்க. ஒரே ஒருக்கா பண்ணிக் காட்டு."

"இல்லீங்ணா."

"என்ன இல்ல?"

"நான் கை வைக்க மாட்டன். ஆம்புலன்ஸ் வரச் சொல்லுங்க. அண்ணிய எந்திரிக்க உடாதீங்க. உக்காரக்கூட வைக்கக் கூடாது."

செல்போனைத் தூக்கியவர் மெல்லக் கீழே இறக்கினார். ஆத்தப்பன் தொண்டையைச் செருமினார்.

"ஏனுங்க தம்பி, ஆஸ்பத்திரியே வேண்டாங்கறதுக்குத்தான இத்தன பெரிய போர்டு? உங்க ஊட்டு ஆளயே ஆஸ்பத்திரிக்கு அனுப்பறீங்க. எங்க ஆளுங்கள எந்த நம்பிக்கையில உங்ககிட்ட அனுப்பறதுங்க?"

"அனுப்பாதீங்க" என்றான் கந்தவேல். "இப்போதைக்கு யாரையும் அனுப்பாதீங்க. கொஞ்சம் வழி உடுங்க."

ஆம்புலன்ஸில் ஜெயபாரதியை மட்டமாகப் படுக்க வைத்திருந்தார்கள். வலிக்கு ஊசி போட்டதால் கண் செருகிக் கிடந்தாள். இந்தப் பக்கம் அண்ணன், அந்தப் பக்கம் தம்பி. அவளுக்கு இடது கால் மரத்திருக்கிறது என்று தம்பி சொல்லியிருந்தான். அவிநாசி தாண்டும் வரை தீனதயாளன் வாயைத் திறக்கவில்லை. அவருக்குக் கோபம் வந்தால் முதலில் மௌனம் வரும். வீட்டில் எல்லோரும் பயப்படுவது அந்த மௌனத்துக்குத்தான்.

"ஐப்பசியில நான் காரை எடுத்தன்டா" என்றார் கடைசியில்.

"ஆமாங்ணா."

"நீ மறிச்ச."

"ஆமாங்ணா."

"நோய் இல்ல, எலும்பு வரிசைன்ன. நானும் ஒரு மடையன் நம்புனேன். இவ காலுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, கந்தவேலு, நீ அப்பறம் எம்பட ஊட்டுப் படியேறாத. சென்டர் வாசல்ல போட்டிருக்கற போர்ட நானே என் கையால பிச்சு எறிஞ்சுருவேன்."

கந்தவேல் அண்ணியின் இடது பாதத்தைத் துணியால் மூடினான். அது சில்லென்றிருந்தது.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் முடிந்து, முதுகெலும்பு டாக்டரம்மா வந்தார். நரைத்த தலையை இறுக்கிக் கட்டிய, வேகமாகப் பேசுகிற பெண்மணி. படத்தை விளக்குப் பலகையில் மாட்டிவிட்டுத் திரும்பினார்.

"எலும்புல டிபி. முதுகெலும்பு ஒண்ணு அரிச்சுப் போய் நசுங்கியிருக்கு. பக்கத்துல சீழ் கட்டி நரம்ப அழுத்துது."

தீனதயாளன் சட்டென்று கதவைத் திரும்பிப் பார்த்தார். வெளியே யாருக்காவது கேட்டிருக்குமோ என்ற பயம். "டிபியா? எங்க ஊட்டுலயாங்க? இவளுக்கு ஒரு இருமல்கூட இல்லீங்களே?"

"நுரையீரலுக்கு மட்டும்தான் வரும்னு இல்லைங்க. யார் வீட்டுக்கும் வரும். வெட்கப்பட இதுல ஒண்ணுமில்ல. மருந்து இருக்கு, மாசக்கணக்கா விடாம சாப்பிட்டா நோய் குணமாயிடும். ஆனா நரம்பு காத்திருக்காது. அழுத்தத்த எடுக்க இன்னிக்கே ஆபரேஷன் பண்ணணும்." அவர் கட்டிலில் கிடந்த ஜெயபாரதியின் பக்கம் குனிந்தார். "கொஞ்ச நாளுக்குள்ள முதுகுல யாராவது அழுத்தினாங்களாம்மா? திருப்பிக் கிருப்பி விட்டாங்களா?"

ஜெயபாரதி கண்ணைத் திறந்தாள். கணவனைப் பார்த்தாள், கந்தவேலைப் பார்த்தாள்.

"மார்கழிக்கு அப்பறம் யாரும் தொடலீங்க."

அண்ணன் பக்கத்தில் நின்றிருந்தார். கந்தவேல் அதை மறுக்கவில்லை.

"அப்ப இன்னிக்கு நீங்க நிறுத்தினது பெரிய விஷயம்" என்றார் டாக்டரம்மா அவனைப் பார்த்து. காலையில் நடந்ததை அட்மிஷன் சீட்டிலேயே எழுதியிருந்தார்கள். "இந்த நிலைமையில ஒரு தடவ திருப்பியிருந்தா, மேசையிலயே ரெண்டு காலும் போயிருக்கலாம்."

தீனதயாளன் தம்பியை நிமிர்ந்து பார்த்தார். காலையிலிருந்து இருந்த பார்வை அது அல்ல.

டாக்டரம்மா வெளியே போனதும் கந்தவேல் பின்னாலேயே ஓடினான். வராந்தாவில் மறித்து நின்றான்.

"மேடம், அண்ணி சொன்னது உண்மை இல்லீங்க. போன ஞாயித்துக்கெழம நான் திருப்பினேன். பலமா. அவங்க கத்தினாங்க. அதுக்கப்பறம்தான் கால் மரத்திருக்கும்னு நெனைக்கறேன்."

அவர் கையிலிருந்த படத்தை மறுபடியும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"படிச்சவர்தானே நீங்க? காய்ச்சல், எடை, ராத்திரி வலி, எதுவும் கேக்கலையா?"

"எல்லாத்துகிட்டயும் கேப்பேன். இவங்ககிட்ட கேக்கலீங்க."

"நாற்காலி மாத்துங்க, உடம்ப வளைச்சு வேலை பாக்காதீங்கன்னு நீங்க சொல்றதெல்லாம் நல்லதுதான். நானும் அதத்தான் சொல்றேன். ஆனா வந்துட்ட நோய்க்கு அது மருந்தில்ல. நோய் வந்திருக்கா இல்லையான்னு மொதல்ல பாக்கணும். அதுவும் தடுப்புதான்."

"நான் திருப்புனதுலதான் இப்படி ஆச்சுங்களா?"

"தெரியாது. அதில்லாமலும் ஆகியிருக்கலாம். ஆனா நல்லது பண்ணியிருக்காது." படத்தை உறைக்குள் வைத்தார். "வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"எனக்குத் தெரிய வேண்டியது தெரிஞ்சிடுச்சு. மத்தது உங்க குடும்ப விஷயம்" என்று சொல்லி நடந்தார்.

மத்தியானம் ஜெயபாரதியைத் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். தீனதயாளன் ரத்தத்துக்கு ஏற்பாடு செய்யக் கீழே போயிருந்தார். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஆயா கதவைத் திறக்கப் போன நேரத்தில், அவள் கந்தவேலின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"கண்ணு, நான் நடப்பனா?"

இந்தக் கேள்விக்கு அவனிடம் எப்போதும் பதில் இருக்கும். கேட்டவர் முகம் மலர்கிற மாதிரி சொல்வான். இப்போது அந்த முகத்தைப் பார்க்க அவனால் முடியவில்லை. ஆனாலும் பார்த்தான்.

"தெரியலீங்கண்ணி."

அவள் தலையாட்டினாள். அழவில்லை.

"நீ அந்த டாக்டரம்மாகிட்ட எதோ சொன்ன. நான் பாத்தேன். அது சரி, அவங்களுக்குத் தெரியோணும். உங்கண்ணங்கிட்ட சொல்லிப் போடாத. ஞாயித்துக்கெழம சங்கதி நமக்குள்ள இருக்கட்டும். அந்த மனுசன் ஒருக்கா வெட்டிட்டா வெட்டுனதுதான். நான் படுத்துட்டாலும் நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா இருக்கோணும். எனக்காகப் பேசாம இரு."

"அண்ணி…"

"என் தலமேல சத்தியம் பண்ணு."

அவன் கை எழவில்லை. அதற்குள் வண்டி நகர்ந்தது. சட்டையைப் பிடித்திருந்த அவள் விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. கதவு சாத்திக்கொண்டது.

கந்தவேல் பெஞ்சில் உட்கார்ந்தான். தன் மடியில் கிடந்த கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். வெகுநேரம் கழித்துத் தீனதயாளன் மூச்சு வாங்க மேலே வந்தார். தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். முழங்கை இடிக்கிற நெருக்கம். வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணன் அழுது கந்தவேல் பார்த்ததில்லை.

"கார்ல… ஆம்புலன்ஸ்ல நான் என்னென்னமோ பேசிப்போட்டன்டா. மனசுல வெச்சுக்காத."

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்ணா."

"இல்ல, கேளு. அத்தன பேரு முன்னால, ஒரு சத்தம் காட்டுடான்னு நான்தான் உன்ன நெருக்கினேன். நீ எம்பேச்சக் கேட்டிருந்தீன்னா இன்னிக்கு அவ…" தம்பியின் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார். "இந்தக் கைதான்டா அவளக் காப்பாத்துச்சு. அந்த டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க. அந்த முருகன்தான் உங்கைய நிறுத்தியிருக்கான்."

தியேட்டர் கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளேயிருந்து அவள் பிழைத்து நடந்து வந்தால், அண்ணனுக்கு எதுவும் தெரியவே வேண்டியதில்லை. பேசாமல் இருப்பது எத்தனை சுலபம் என்று கந்தவேலுக்குத் தெரிந்தது. காலையில் விரல்களுக்கடியில் அந்தச் சூட்டை உணர்ந்தபோதுகூட அவன் இவ்வளவு பயப்படவில்லை.

"அண்ணா, கைய உடுங்க" என்றான்.

"ஏன்டா?"

"போன ஞாயித்துக்கெழம, நீங்க வெள்ளகோவில் போயிருந்தப்ப, நான் அண்ணிய ஒருக்காத் திருப்பினேன்."

தீனதயாளனுக்கு முதலில் புரியவில்லை. தம்பியின் முகத்தைப் பார்த்தபடி இருந்தார். கை மட்டும் இன்னும் விடாமல் பிடித்திருந்தது.